பத்து வாரத்தில் பத்துக் கிலோ

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் நான்காவது லைனுக்கு அவள் சூப்பர்வைசர். வயது நாற்பத்தாறு. முப்பது மெஷின், முப்பது பெண்கள், நாளொன்றுக்கு அறுநூறு சட்டை. எல்லோருக்கும் அவள் லைன் அக்கா. சரக்கு கப்பலேறும் தேதி என்று ஒன்று உண்டு. அதற்குள் பெட்டி கட்டியாக வேண்டும். "முடியாதுக்கா" என்று எந்தப் பெண்ணாவது இழுத்தால், "முடியாதுன்னு சொல்ற நேரத்துல ரெண்டு காலர் தைச்சிருக்கலாம்டீ" என்பாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் லைன் ஒரு தேதிகூடத் தவறியதில்லை.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். தையல் சுருங்கிய சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைக்க நேரமில்லாத நாட்களில், சோதனை மேஜைக்குப் போகும் முன் ஆவி இஸ்திரியை அழுத்திப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிடுவாள். சுருக்கம் மறைந்துவிடும். முதல் துவைப்பில் திரும்ப வரும்தான். ஆனால் முதல் துவைப்பு சோதனை மேஜையில் நடப்பதில்லை.

அவளுக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. எப்போதோ உடம்பில் புகுந்த காமாலைக் கிருமி சத்தம் போடாமல் இருந்து தின்று, அவன் கல்லீரலைக் காய்ந்த ரொட்டி மாதிரி ஆக்கியிருந்தது. "குடிக்காமலே குடிகாரன் வியாதி. குடிச்சிருந்தா அந்த சந்தோஷமாவது மிஞ்சியிருக்கும்" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். வயிறு நீர்கோத்துப் பானையாகி, கைகால் குச்சியான பிறகும் அந்த வாய் மட்டும் இளைக்கவில்லை.

மருந்து இனிக் கேட்காது, உறவில் யாராவது கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவன் மனைவிக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. ஒத்துவந்தது இரண்டு பேருக்கு. ஒருத்தி அக்கா. இன்னொருத்தி அவன் மகள். பத்தொன்பது வயது, கல்லூரி மாணவி, நீச்சல்காரி. மூன்று வருடம் விடியலில் எழுந்து தண்ணீரில் கிடந்து, அந்த வருடம்தான் பெரிய போட்டி ஒன்றுக்குத் தேர்வாகியிருந்தாள்.

ஆஸ்பத்திரி நடையில் தம்பி மனைவி லைன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, அவ சின்னப் பொண்ணு அண்ணி. இவரையும் விட முடியலை, அவளைப் படுக்க வைக்கவும் மனசு வரலை. நான் என்ன பண்றது?"

"நான் ஒருத்தி கல்லு மாதிரி இருக்கும்போது உன் பொண்ணு மேல எதுக்குக் கத்தி படணும்? படாது. நான் சொல்றேன் இல்ல?"

சொல்லிவிட்டாள். கல்லு மாதிரி இருப்பதாக அவள் நினைத்த உடம்பை ஸ்கேனில் பார்த்த டாக்டர் அப்படி நினைக்கவில்லை. ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு எண்பத்துநான்கு கிலோ. கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. வருடக்கணக்காக நின்றுகொண்டே குடித்த சர்க்கரை டீ, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்ட பொரித்த தின்பண்டம் எல்லாம் அங்கே பத்திரமாகச் சேர்ந்திருந்தது.

"இதை இப்படியே எடுக்க முடியாதும்மா. உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் சரியா வேலை செய்யாது. பத்து வாரம் பார்க்கலாம். பத்துக் கிலோ குறைங்க, கொழுப்பு தானா இறங்கும். அதுக்கு மேல உங்க தம்பியால காத்திருக்க முடியாது. அப்புறம் பொண்ணைத்தான் பார்க்கணும்."

லைன் அக்காவின் காதில் விழுந்தது இரண்டுதான். ஒரு தேதி, ஓர் எண்ணிக்கை. இதுவரை அவள் வாழ்க்கையில் அந்த இரண்டும் சேர்ந்து வந்து அவளை ஜெயித்ததில்லை.

உறுப்பு கொடுப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ் அவளை உட்காரவைத்து ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். சர்க்கரையை நிறுத்து. தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ, கால் பங்குதான் சோறு. தினமும் முக்கால் மணி நேரம் வேகநடை. பட்டினி கிடக்காதே. "வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் இதுல எழுதணும். வெளியில எந்த மருந்து, டானிக், பவுடரும் கூடாது. தலைவலி மாத்திரைகூட என்னைக் கேட்டுட்டுத்தான்."

"சரிங்க சிஸ்டர்" என்றாள். எழுதவும் எழுதினாள். "பிஸ்கெட் பாதி. மீதியைப் பக்கத்து மெஷின்காரிகிட்ட கொடுத்துட்டேன்" என்பதுவரை எழுதினாள். வாரா வாரம் அதைப் படித்து நர்ஸ் சிரிப்பாள். "இவ்வளவு நாணயமா எழுதற ஆளை நான் பார்த்ததே இல்லை."

தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, மோட்டார் பாகங்கள் விற்கும் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஜிம். வேலை முடிந்ததும் அங்கே போனாள். நாலு சுவரிலும் கண்ணாடி. திரும்பிய பக்கமெல்லாம் தானே நின்றுகொண்டிருப்பதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. ஓடும் மெஷினில் ஏறிய முதல் நாள் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து மெஷினில் ஓடிக்கொண்டிருந்த சின்னப் பெண், "ஆன்ட்டி, அது ஓடும், நீங்களும் சேர்ந்து ஓடணும்" என்றாள். "ஓடுற மெஷின் எனக்குப் புதுசு இல்லைம்மா. அதுமேல நான் ஏறுறதுதான் புதுசு" என்றாள் லைன் அக்கா.

ஜிம் மாஸ்டர் முப்பது வயதுக்காரன். கழுத்தும் தலையும் ஒரே அகலம். நல்லவன்தான். குனிந்து நிமிர, கனம் தூக்க, முட்டி நோகாமல் உட்கார்ந்து எழப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். எதற்காக இந்த அவசரம் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கோ போட்டோவுக்கோ இளைக்க வருகிறவர்கள் எல்லோருமே அவசரமாகத்தான் வருகிறார்கள்.

முதல் ஐந்து வாரத்தில் ஆறு கிலோ இறங்கியது. தம்பி கட்டிலில் சாய்ந்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தான். "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுல எள்ளு யாருக்கு, கொள்ளு யாருக்குன்னே தெரியலையே அக்கா."

"உனக்கு எள்ளும் கிடையாது, கொள்ளும் கிடையாது. உப்பில்லாத கஞ்சிதான். வாயை மூடிக்கிட்டுக் குடி."

ஆறாவது வாரம் தராசு நின்றுவிட்டது. எழுபத்தெட்டு. மறுநாளும் எழுபத்தெட்டு. பதினோரு நாள் அந்த முள் நகரவில்லை. இளைக்கிற உடம்பு நடுவில் இப்படி நிற்கும், பொறுத்திருந்தால் தானே இறங்கும், இது நர்ஸுக்குத் தெரியும். நர்ஸ் சொல்லவும் செய்தாள். ஆனால் மெஷின் நின்றால் அதைத் தட்டி ஓடவைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? இரவுச் சோற்றை நிறுத்தினாள். காலையிலும் ஒருமுறை ஜிம்முக்குப் போனாள். முள் எழுபத்தெட்டிலேயே உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் தம்பி மகள் ஜிம் படியேறி வந்தாள். முடி ஈரம், தோளில் நீச்சல் பை.

"அத்தை, நான் போய் எல்லா டெஸ்டும் எடுத்துட்டேன். எல்லாம் ஓகேன்னு சொல்லிட்டாங்க. நானே கொடுத்துடறேன். நீ இப்படி மூச்சு வாங்கறதைப் பார்க்க முடியலை."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"எனக்குப் பத்தொன்பது வயசு. யாரைக் கேக்கணும்?"

"போட்டி என்னடி ஆகும்?"

"போட்டி அடுத்த வருஷமும் வரும். அப்பா வருவாரா?"

லைன் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் உங்க அம்மாவுக்கு வாக்கு கொடுத்திருக்கேன். இன்னும் நாலு வாரம் இருக்கு. போ, போய்த் தண்ணியில குதி" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டாள். பெண் முகம் சுருங்கி இறங்கிப் போனாள்.

மாஸ்டர் தயங்கியபடி பக்கத்தில் வந்தான். "அக்கா, நின்னுபோன வெயிட்டைத் தள்ளிவிட ஒண்ணு இருக்கு. நானே போடறேன். ஜிம்முல பாதிப் பேர் போடறாங்க."

ஜிம்மிலேயே விற்கும், பச்சை மூடி போட்ட டப்பா. மேலே ஓர் இலைப் படம். உள்ளே தேயிலைச் சாற்றை இறுக்கி அடைத்த மாத்திரை உறைகள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாப்பிட்ட பிறகு.

டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நர்ஸ் சொன்னது நினைவில்லாமல் இல்லை. மருந்து கூடாது என்றாள்; இது மருந்துக் கடைச் சரக்கில்லை. பவுடர் கூடாது என்றாள், இது பவுடரில்லை. இலை. டீ குடிக்கிறோமே, அதே இலை. இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடி ஜெயித்துவிட்டாள். ஜெயித்தது உண்மையானால் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

நான்காம் நாள் முள் நகர்ந்தது. எழுபத்தேழரை. இரண்டு உறைக்கே அரைக் கிலோ என்றால் நான்குக்கு? நான்கு போட்டாள். எட்டாவது வாரம் ஆறு. வெறும் வயிற்றில் போட்டால் வேகமாகப் பிடிக்கும் என்று உடைமாற்றும் அறையில் யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியும் போட்டாள்.

உடம்பு சும்மா இருக்கவில்லை. அதற்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்த்தது. காலையில் குமட்டியது. உள்ளங்கை அரித்தது. சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனது. லைனில் நின்றுகொண்டிருக்கும்போதே கண் சொருகியது. குமட்டினால் சாப்பாடு குறையும், நல்லதுதான் என்று நினைத்தாள். அரிப்பு துணிச் சாயத்தால் என்று நினைத்தாள். சிறுநீருக்குத் தண்ணீர் குறைவு என்று வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஓர் இஸ்திரி.

ஒன்பதாவது வாரம் காலர் தைக்கும் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். "அக்கா, கண்ணு ஒரு மாதிரி இருக்கே. உடம்பு சரியில்லையா?"

"டியூப்லைட் வெளிச்சம்டீ. நீ ஊசியைப் பாரு."

பத்தாவது வாரம் ஆஸ்பத்திரித் தராசில் ஏறினாள். எழுபத்து மூன்றரை. ஸ்கேனில் கொழுப்பு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "சொன்னதைச் செஞ்சு காட்டிட்டீங்க. ரத்தப் பரிசோதனை மதியம் வந்துடும். வந்ததும் தேதி குறிச்சுடலாம்."

நடையில் தம்பி மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தம்பி சக்கர நாற்காலியில் இருந்தபடி, "எழுபத்து மூணு கிலோதானா? அப்போ எனக்குச் சின்னப் பீஸாத்தான் கிடைக்கும். முன்னாடியே எடுத்திருந்தா தாராளமா வந்திருக்கும்" என்றான். தம்பி மகள்கூடச் சிரித்தாள். நால்வரும் சேர்ந்து சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

மதியம் நர்ஸ் வந்து லைன் அக்காவை மட்டும் தனியே கூப்பிட்டாள். ஜன்னல் பக்கம் நிறுத்தி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளைவிழி மஞ்சளாக இருந்தது.

"லிவர் காயம்பட்டா ரத்தத்துல ஒண்ணு ஏறும். நாப்பதுக்குள்ள இருக்கணும். பத்து வாரம் முன்னாடி உங்களுக்கு முப்பத்தாறு. இன்னிக்கு அறுநூத்துப் பன்னிரண்டு. என்ன சாப்பிட்டீங்க?"

"நோட்டுல எழுதினதுதான்."

"நோட்டை நான் ஆறு தடவை படிச்சுட்டேன். அதுல இல்லாதது என்ன?"

அவள் பையைத் திறந்தாள். பச்சை மூடி டப்பாவை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். கால்வாசிதான் மீதி இருந்தது. இது அவள் வாங்கிய மூன்றாவது டப்பா.

நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டு, "ஆறு" என்பதை எழுதிக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டர் வளைக்காமல் சொன்னார். உடனே நிறுத்தினால் கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்; ஆறு வாரம் ஆகலாம், எட்டும் ஆகலாம். தம்பிக்கு இருப்பது மூன்று வாரம், மிஞ்சிப்போனால் நான்கு.

"நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன் டாக்டர். என்ன ஆனாலும் உங்களைக் கேக்க மாட்டேன். இப்பவே எடுங்க."

"கையெழுத்து இருந்தா லிவர் வேலை செய்யுமாம்மா?"

அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். லைனில் முப்பது பேரை நிற்கவைத்து வேலை வாங்கியவள், டாக்டரின் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் பாருங்க, இறங்கிடும், நான் இறக்கிக் காட்டறேன்" என்று கெஞ்சினாள். இதற்கு மேலும் எதையாவது விழுங்கி இறக்கப் பார்ப்பாளோ என்று டாக்டர் பயந்துபோய் அவளையும் இரண்டு நாள் படுக்கவைத்துவிட்டார்.

விஷயம் தெரிந்து தம்பி மனைவி கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஆறு போட்டீங்களா அண்ணி?"

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்." அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அதன்பிறகு லைன் அக்காவோடு அவள் பேசவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்றே லைன் அக்கா ஜிம் படியேறி டப்பாவை மாஸ்டரின் மேஜையில் வைத்தாள். ரத்தத்தில் ஏறியிருந்த எண்ணையும், தினம் ஆறு போட்டதையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, ரெண்டுதானே போடச் சொன்னேன்? அதுவும் சாப்பிட்டப்புறம்."

"தம்பி, நீயும் போய் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்க. சில பேருக்கு லிவர் கெட ரெண்டே போதும்னு சிஸ்டர் சொல்றாங்க. விக்கறதை நிறுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

பதினாறாம் நாள் தம்பி மகளை ஆபரேஷனுக்குப் படுக்கவைத்தார்கள். முன்தினம் எல்லாக் காகிதத்திலும் அவளே கையெழுத்துப் போட்டாள். தள்ளுவண்டியில் போகும்போது, கூடவே நடந்த அத்தையிடம், "தண்ணியில குதின்னு அன்னிக்குக் கத்தினியே, இப்போ குதிக்கறேன் பாரு" என்றாள். கதவு மூடிக்கொண்டது. ஒன்பது மணி நேரம். லைன் அக்கா உட்காரவில்லை. உள்ளே தைத்துக்கொண்டிருப்பது என்ன, எந்த இடம் வரை வந்திருப்பார்கள் என்று சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

இருவருமே பிழைத்து வெளியே வந்தார்கள். தம்பிக்குக் கிருமி தொற்றித் தனி அறையில் வைத்திருந்ததால் அவன் மனைவி அந்தப் பக்கமே இருந்தாக வேண்டும். பெண்ணைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. பதினெட்டு நாளுக்குப் பிறகு தம்பி மனைவி வாய் திறந்து சொன்ன ஒரே வாக்கியம், "அவளைப் பார்த்துக்கோங்க."

பார்த்துக்கொண்டாள். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடிக்கவேண்டும். நேராக எழக் கூடாது. முட்டியை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழவேண்டும். மூன்று வாய் தண்ணீர், பொறு, மறுபடி மூன்று வாய். நர்ஸ் சொன்னது ஒன்றுவிடாமல் செய்தாள். சொல்லாததை ஒன்றும் செய்யவில்லை. மூச்சு ஊதிப் பழகும் பந்துக் குழாயை ஊதும்போது பெண்ணுக்குக் கண்ணில் நீர் வந்தது. ஒரு மூச்சில் குளத்தின் நீளம் முழுக்கப் போகிறவள், ஒரு பந்தைத் தூக்க முடியாமல் குழாயைக் கீழே வைத்தாள்.

ஐந்தாம் நாள் நர்ஸ் லைன் அக்காவின் ரத்த முடிவைக் கொண்டுவந்தாள். "நூத்து நாப்பது. நல்லா இறங்குது. இன்னும் நாலு வாரத்துல நார்மல் ஆயிடும்."

"இனிமே ஆகி யாருக்கு சிஸ்டர்?"

"உங்களுக்குத்தான். உங்களுக்கும் லிவர் ஒண்ணுதான் இருக்கு. இன்னிக்கு நடந்தீங்களா?"

"இல்லை."

"இவளை நடக்கவைக்கும்போது கூட நடங்க. சாப்பாட்டையும் எழுதுங்க."

ஒன்பதாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். பெண் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கீழே குனிந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை.

"அத்தை, நீ பார்த்துச் சொல்லு. தையல் நேரா இருக்கா? உன் லைன்ல பாஸ் ஆகுமா?"

லைன் அக்கா குனிந்தாள். நெஞ்சுக்குழியிலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்பும் கோடு. இருபத்திரண்டு வருடம் தையலைப் பார்த்த கண், கோட்டின் மேல் நுனியிலிருந்து மெல்ல நகர்ந்தது. நேர்த்தியான வேலை. திரும்பும் இடத்தில் மட்டும் தோல் லேசாக இழுத்து, ஓரம் சிவந்திருந்தது.

நேராக இருக்கிறது, பாஸ் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் பெண் சிரித்திருப்பாள்.

"மேல நேரா இருக்குடீ" என்றாள். "திரும்பற இடத்துல கொஞ்சம் சுருங்கியிருக்கு. ஓரம் சிவப்பா இருக்கு."

"அது சரியாயிடுமா?"

"எனக்குத் தெரியலை" என்று சொல்லிவிட்டு, லைன் அக்கா கட்டிலுக்கு மேலே தொங்கிய மணிக்கயிற்றை இழுத்தாள். "சிஸ்டரைக் கேப்போம்."